நாற்பத்தேழாவது கேள்வி

"உங்க நாற்பத்தேழாவது பதிலைப் படிச்சுட்டு நான் அழுதுட்டேன், மிஸ்டர் பிரேம்நாத்" என்றது போன்.

பிரேம்நாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆடிட் படிவத்தைப் படித்துவிட்டு அழுத ஆளை அவன் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அதைப் பூர்த்தி செய்கிறவர்கள் அழுவார்கள். அது வேறு விஷயம்.

பேசியது ஹெலன் மேடம். ஆம்பூர் பைபாஸில் இருக்கும் அந்த ஷூ கம்பெனி தைக்கிற பத்து ஜோடியில் ஏழு ஜோடியை வாங்கிக்கொள்ளும் வெளிநாட்டு பிராண்டின் சென்னை ஆபீசில் பெரிய அதிகாரி. கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை அறுபது கேள்வி கேட்டு ஒரு படிவம் அனுப்புவார்கள். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா. இதற்கெல்லாம் பதில் எழுதுவதுதான் பிரேம்நாத்தின் வேலை. ஐம்பத்தொன்பது கேள்விக்கு அவன் சத்தியமான பதில்தான் எழுதியிருந்தான். நாற்பத்தேழாவது கேள்விக்கு வரும்போது சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

'பயன்படுத்திய காகிதப் பொருட்களை மறுபடி பயன்படுத்துகிறீர்களா? எப்படி?'

'இல்லை' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். போனானா? போனைத் திறந்து தேடினான். பழைய வாழ்த்து அட்டைகளை வைத்துச் செய்யக்கூடிய கைவினைப் பொருட்கள் என்று பன்னிரண்டு யோசனை வந்தது. புக்மார்க், பரிசுப் பெட்டி, சுவரில் மாட்டும் தோரணம், பெயர்ச்சீட்டு. பன்னிரண்டையும் அப்படியே இறக்கி, 'எங்கள் பெண் தொழிலாளர்கள் இருபத்திரண்டு பேர் கடந்த மூன்று ஆண்டுகளாக மதிய இடைவேளையில் இதைச் செய்துவருகிறார்கள்' என்று ஒரு முத்தாய்ப்பும் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

"எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாது" என்றார் ஹெலன் மேடம். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பதினோரு வருஷம், கிறிஸ்துமஸ் வந்தா எல்லாக் கம்பெனிக்கும் கார்டு எழுதி அனுப்புறது என் வேலை. உங்க கம்பெனிக்கும் அனுப்பியிருக்கேன். கை வீங்கிடும். ஒரு கம்பெனிலகூட அதை வெச்சுக்கிட்டதில்ல. ஜனவரியில குப்பைத் தொட்டியில பார்ப்பேன். நீங்க வெச்சிருக்கீங்க! நான் அனுப்பினது ஏதாவது இருக்கா?"

"இருக்கு மேடம்!" என்றான் பிரேம்நாத்.

இந்த 'இருக்கு'வை அவன் சொல்லவில்லை. நாலு வருஷமாகக் கான்ட்ராக்டிலேயே கிடக்கிற வயிறு சொன்னது.

"அப்போ வியாழக்கிழமை நானே வர்றேன். எல்லாத்தையும் பார்க்கணும்."

போனை வைத்தபோது மணி பத்தரை. கிழமை திங்கள்.

ஜெனரல் மேனேஜர் இஷ்தியாக் அகமது படிவத்தின் நகலை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார்.

"இன்னா பிரேம் இது? நம்ம கம்பெனில இப்படி ஒண்ணு நடக்குதா?"

"இல்ல சார்."

"பின்னே?"

"வியாழக்கிழமைலருந்து நடக்கும் சார்."

இஷ்தியாக் அகமது மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பிரேம்நாத்தை நிரந்தரமாக்கும் உத்தரவு. டைப் அடித்து, கம்பெனி முத்திரைகூடக் குத்தியாகிவிட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"ஆடிட் முடிஞ்சதும் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். மேடம் சிரிச்சிக்கினே போனா கையெழுத்து. இல்லேன்னா உன் கண்ணு முன்னாடியே கிழிப்பேன். பொய் எழுதறவன நான் வேலைல வெச்சுக்க மாட்டேன்பா. ஆனா வியாழக்கிழமைக்குள்ள அது பொய்யில்லாம ஆய்ட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாது." காகிதம் மறுபடி டிராயருக்குள் போய்விட்டது.

பிரேம்நாத் முதலில் இடத்தைப் பிடித்தான். மூன்று வருஷமாகக் கைவினை நடந்தால் அதற்கு ஒரு அறை இருந்திருக்க வேண்டுமே. பேட்டர்ன் ரூமை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. உள்ளே மூன்று சாக்கு மூட்டை, அதன்மேல் தூசி, தூசிக்கு மேல் ஒரு பல்லி.

பேட்டர்ன் ரூமில் கலீமுல்லா பாய் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ வெட்டிக்கொண்டிருந்தார். ஷூவின் பெரிய பாகங்களுக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் அளவு எடுத்துவிடுகிறார்கள். லேஸுக்கு அடியில் வரும் நாக்கு, குதிகால் பட்டி மாதிரிச் சின்னச் சாமானுக்கு மட்டும், தோலை வெட்டுவதற்கான மாதிரியைப் பாய்தான் அட்டையில் கையால் வெட்டி, மேலே பேனாவால் நம்பர் போட்டு, ஆணியில் வரிசையாக மாட்டிவைப்பார். அதிகம் பேசாத ஆசாமி. பேச ஆரம்பிப்பதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுவார்.

"பாய், இந்த மூட்டைல இன்னா இருக்கு?"

"அட்டை சார். பேட்டர்ன் வெட்டற அட்டை. இது..."

"குப்பையா கிடக்கு பாய். பெரிய மேடம் வர்றாங்க. ரூம் கண்ணாடி மாதிரி இருக்கணும்."

"இதே கனம் கடைல கெடைக்காது சார். இது வந்து..."

"நான் வாங்கித் தர்றேன் பாய். புது அட்டை. பளபளன்னு" என்று சொல்லிவிட்டு, தோல் பதனிடுகிற டேனரிக்குப் போகிற வண்டியைக் கைதட்டி நிறுத்தினான். "இந்த மூணு மூட்டையையும் ஏத்திக்கோ. அங்க பாய்லர்ல போட்டுடச் சொல்லு."

வண்டி போய்விட்டது. பாய் வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, கையிலிருந்த வெட்டுக் கத்தியைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இடம் ரெடி. இனி அட்டை வேண்டும்.

தையல் லைன் சூப்பர்வைசர் மெர்சியிடம் போனான். மெர்சி சொன்னால் இருநூறு தையல் மிஷினும் ஒரே சமயத்தில் நிற்கும். "யார் வீட்டுல பழைய வாழ்த்து அட்டை இருந்தாலும் நாளைக்கு எடுத்தாந்துடுங்கப்பா" என்று மெர்சி லைன் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்.

மறுநாள் காலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் ஏழு, குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இரண்டு, கரண்ட் ரீடிங் எடுக்கிற அட்டை ஒன்று வந்து சேர்ந்தன. கரண்ட் அட்டையைக் கொண்டுவந்த அம்மா, வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"வாழ்த்து அட்டை ஒண்ணுகூட இல்லியாக்கா?" என்றான் பிரேம்நாத், பரிதாபமாக.

பக்கத்து மிஷினிலிருந்து அமிர்தவள்ளி தலையைத் தூக்கினாள். "இப்பல்லாம் யார் சார் கார்டு அனுப்பறாங்க? காலைல அஞ்சு மணிக்கே ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் வருது. என் போன்ல நாலாயிரம் இருக்கு. வேணும்னா பிரின்ட் போட்டுக்கோங்க."

செவ்வாய்க்கிழமை மதியம் பிரேம்நாத் வேலூருக்கு பஸ் ஏறினான். அருணகிரி என்பவருடைய ஸ்டேஷனரி கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வாழ்த்து அட்டை தொங்குவதைப் பார்த்தவன் ஓடிப்போய், "முந்நூறு வேணும்" என்றான்.

அருணகிரி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "முந்நூறா? கார்டா?" என்று கேட்டார். பின்னால் திரும்பி, "இங்க வா, இவரு முந்நூறு கார்டு கேக்கறாரு" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் பிரேம்நாத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பரண்மேலிருந்து கட்டுக்கட்டாக இறங்கியது. பிறந்தநாள், புத்தாண்டு, நண்பர்கள் தினம், பொங்கல், ஈத், கிறிஸ்துமஸ், சீக்கிரம் குணமடைய. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று மின்னியது.

"பழசா வேணுமே" என்றான் பிரேம்நாத்.

"பழசுதான் சார். பத்து வருஷ ஸ்டாக்கு."

"பார்க்கப் புதுசா இருக்கே."

அருணகிரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு கரப்பான்கூட அண்டாம பொத்திப் பொத்தி வெச்சேன். அது குத்தமா சார்?"

முந்நூறையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். புத்தம் புதிய அட்டைகளை எடுத்துக்கொண்டு எங்கே போவது? ஃபினிஷிங் டிபார்ட்மெண்ட் காசியிடம்தான் போனான். காசிக்கு வேலையே அதுதான். மிஷினிலிருந்து புதுசாக வரும் ஷூவுக்கு மெழுகும் பழுப்புச் சாயமும் ஏற்றி, சுழல்கிற பிரஷ்ஷில் காட்டி, பத்து வருஷம் போட்டுத் தேய்ந்த மாதிரி ஆக்கிவிடுவான். ஆன்டிக் ஃபினிஷ் என்று பெயர்.

"புதுசப் பழசாக் காட்டத்தானே சார் வெளிநாட்டுக்காரன் ஜாஸ்தி குடுக்கறான்" என்றான் காசி. "தோலு என்னா, காயிதம் என்னா. கொண்டாங்க."

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பிரேம்நாத் போய்ப் பார்த்தான். நண்பர்கள் தின அட்டையில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருந்த இரண்டு நாய்க்குட்டிகள், ஏதோ கோட்டைச் சுவரை இடித்தபோது உள்ளேயிருந்து எடுத்தவை போல இருந்தன. ஓரமெல்லாம் கருகிப்போய், நடுவில் மட்டும் ஒரு தேன் நிறம்.

"காசிண்ணே! மூணு வருஷம் பழசு போதும்ணே. இது முந்நூறு வருஷம்!"

காசி ஒரு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ஒரு கோட்டு ஜாஸ்தி ஆய்ட்ச்சு" என்று ஒப்புக்கொண்டான். "ஆனா கலர் பார்த்தீங்களா? எந்தக் கொம்பனாலயும் இந்த ஷேடு எடுக்க முடியாது."

வெளியே வரும்போது கலீமுல்லா பாய் வழியில் நின்றார். "சார், அட்டை..."

"வியாழக்கிழமை ஆகட்டும் பாய். பேஜார் பண்ணாதீங்க."

புதன்கிழமை காலையில்தான் மெர்சி ஒரு அட்டையைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், உள்ள ஒண்ணுமே எழுதலியே" என்றாள்.

பிரேம்நாத் தலையில் கைவைத்துக்கொண்டான். யாரும் எழுதாத அட்டை எப்படிப் பழைய வாழ்த்து அட்டையாகும்? யாராவது யாருக்காவது வாழ்த்து சொல்லியிருக்க வேண்டுமே! இருபத்திரண்டு பெண்களைப் பொறுக்கி உட்காரவைத்து, ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு அட்டையைக் கொடுத்தான். "ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கோங்க. தேதி மட்டும் ரெண்டாயிரத்துப் பதினெட்டு, பத்தொம்போதுன்னு போடுங்க."

"இன்னா எழுதறது சார்?"

"மனசுல தோணறத எழுதுங்க."

இதைச் சொல்லியிருக்கவே கூடாது.

முதல் பத்து நிமிஷம் அமைதி. அப்புறம் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கூச்சல். 'என் டிபன் பாக்ஸ் மூடியை நீதான் எடுத்தாய் என்று எனக்கு அப்போதே தெரியும். பிறந்தநாள் வாழ்த்துக்கள்' என்று வஹீதா எழுதியிருந்தது அமிர்தவள்ளியின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் ஒரு வருஷமாகிறது. அமிர்தவள்ளி எழுந்து நின்று கத்தினாள். பிறகு உட்கார்ந்து அவளும் ஒரு அட்டை எழுதினாள். 'மூடியை நான் எடுக்கவில்லை. நீ பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சீக்கிரம் குணமடைக.' அதைப் படித்த வஹீதா ஓவென்று அழுதாள். அமிர்தவள்ளியும் அழுதாள். என்ன ஏதென்று தெரியாமலே நாலு வரிசை அழுதது.

லைன் நாற்பது நிமிஷம் நின்றுவிட்டது. இஷ்தியாக் அகமது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அரே, யாராவது போய்ட்டாங்களா?"

"இல்ல சார், வாழ்த்து எழுதறாங்க!" என்று கீழேயிருந்து கத்தினான் பிரேம்நாத்.

எழுதியாகிவிட்டது. இனி வெட்ட வேண்டும். கத்தரிக்கோலைக் கொடுத்தால் ஒருத்தியும் வாங்கவில்லை.

"எனக்குன்னு வந்த மொத கார்டு சார் இது" என்றாள் அமிர்தவள்ளி, அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "கத்தரி வெக்க மாட்டேன்."

"அய்யோ, வெட்டறதுக்குத்தானே எழுதச் சொன்னேன்!"

"அத மொதல்ல சொல்லணும். என் கைய வெட்டுங்க, கார்டக் குடுக்க மாட்டேன்."

கெஞ்சினான். கொஞ்சினான். கடைசியில் அவரவருக்குப் பிடிக்காதவர்களிடமிருந்து வந்ததை மட்டும் கொடுத்தார்கள். நல்லவேளை, ஒரு கம்பெனியில் இருக்கவேண்டிய அளவுக்குப் பிடிக்காதவர்கள் அங்கேயும் இருந்தார்கள். நூற்றுப்பத்து அட்டை தேறியது.

கையால் வெட்டினால் விடிந்துவிடும் என்று கட்டிங் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனான். தோலை வைத்து, மேலே இரும்பு அச்சை வைத்து அழுத்தினால் ஒரே அடியில் துண்டாகும். அரைமணியில் நூற்றுப்பத்தும் முடிந்துவிட்டது. ஆனால் கம்பெனியில் இருப்பதெல்லாம் ஷூ அச்சு. புக்மார்க் எல்லாம் ஷூ நாக்கு வடிவத்தில் வந்தது. பெயர்ச்சீட்டு குதிகால் வடிவத்தில் வந்தது. சுவரில் மாட்டும் தோரணம் என்பது நூலில் கோத்த பதினெட்டு உள்ளங்கால். பதினெட்டும் இடதுகால்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஹெலன் மேடம் அனுப்பிய அட்டை?

"அது ஒண்ணு எழுதிடலாம் சார்" என்றாள் மெர்சி. அவளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சாயம் ஏறிய ஒரு கிறிஸ்துமஸ் அட்டையை எடுத்து, 'என்றும் அன்புடன், ஹெலன், 2011' என்று ஆங்கிலத்தில் எழுதி, அருகில் ஒரு இதயமும் வரைந்தாள். பிரேம்நாத் அதற்குக் கண்ணாடி ஃபிரேம் போட்டு அறையின் நடுச் சுவரில் மாட்டினான். பார்க்கப் பார்க்க அவனுக்கே அது உண்மை மாதிரி தெரிய ஆரம்பித்தது.

"சார்" என்று கதவோரம் குரல் கேட்டது. கலீமுல்லா பாய். "நாக்கு வெட்ட அட்டை இல்ல சார். நீங்க..."

"நாளைக்கு பாய்! மேடம் போனதும் மொத வேலை உங்க வேலைதான்."

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹெலன் மேடம் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பருத்திப் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. தண்ணீர்க் குழாய், தீயணைப்புக் கருவி எதையும் பார்க்காமல் நேராகக் கைவினை அறைக்குப் போனார். இஷ்தியாக் அகமது பின்னாலேயே போனார். அவர் கையில் ஒரு ஃபைல். அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பது பிரேம்நாத்துக்குத் தெரியும்.

"அடடா" என்றார் ஹெலன் மேடம், தோரணத்தைப் பார்த்து. "பாதம்!"

"எங்க தொழிலோட அடையாளம் மேடம்" என்றான் பிரேம்நாத்.

"எல்லாம் இடதுகாலா இருக்கே?"

"வலதுகால் போன வருஷமே செஞ்சு தீர்ந்துட்டுது மேடம்."

மேடம் ஒரு நாக்கை எடுத்து முகர்ந்து பார்த்தார். "மெழுகு வாசனை வருது."

"கம்பெனி பூராவே அந்த வாசனைதான் மேடம். சட்டைலகூட வரும்." பிரேம்நாத் தன் சட்டையைத் தானே முகர்ந்து காட்டினான்.

மேடம் சிரித்தார். இஷ்தியாக் அகமதுவும் சிரித்தார். பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஃபைலின்மேல் வைத்துக்கொண்டார். மேடம் திரும்பி, அட்டையைக் கட்டிப் பிடித்தபடி நின்ற அமிர்தவள்ளியைப் பார்த்தார்.

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல வந்த கார்டா? இன்னும் வெச்சிருக்கீங்களே! எத்தனை வருஷமாம்மா இங்க வேலை பாக்கறீங்க?"

"நான் சேர்ந்தே ரெண்டு வருஷந்தான் ஆவுது மேடம்."

பேனா ஃபைலிலிருந்து எழுந்து நின்றது.

"முன்னாடியே பழக்கம் மேடம்" என்று குறுக்கே பாய்ந்தான் பிரேம்நாத். "ஒரே ஊர். மேடம், நீங்க அனுப்பின கார்டப் பாருங்க!"

அதைக் காட்டிவிட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும் என்று நினைத்தான். ஹெலன் மேடம் ஆசையாக ஃபிரேமுக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது நான் எழுதினது இல்ல."

"மேடம்?"

"என் பேரை நான் ஒரு கார்டுலயும் போட்டதே கிடையாது. அப்ப நான் கிளார்க். எங்க டைரக்டர் பேர்தான் போடணும். பதினோரு வருஷமும் அவர் பேர்தான் போட்டேன்." மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. "நான் எழுதினேன்னு எனக்கு மட்டும் தெரியட்டும்னு, ஓரத்துல பச்சை மையில ஒரு சின்ன மீன் வரைஞ்சுடுவேன். இதுல மீன் எங்க? இந்த ஹார்ட்டை யார் போட்டது?"

மெர்சி தரையைப் பார்த்தாள். காசி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

மேடம் ஃபிரேமைக் கழற்றி, அட்டையின் ஓரத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டையில் பழுப்பு ஒட்டிக்கொண்டது. "சாயமா? இவ்வளவு தூரம் ஏமாத்துவீங்களா? மிஸ்டர் பிரேம்நாத், நான் சென்னையிலருந்து அழுதுக்கிட்டே வந்தேன்!"

இஷ்தியாக் அகமது பேனாவைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஃபைலுக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். இரண்டு கையாலும் மேல் ஓரத்தைப் பிடித்தார்.

நாலு நாளாகப் பொய்க்கு முட்டுக்கொடுத்து முட்டுக்கொடுத்து பிரேம்நாத்துக்கே அலுத்துவிட்டது. அழுகையும் வந்தது. எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, கையைக் கூப்பிவிட்டான்.

"எல்லாம் பொய் மேடம். மூணு வருஷமும் பொய், இருபத்திரண்டு பேரும் பொய். நாற்பத்தேழாவது கேள்விக்கு நெட்டுல பார்த்து எழுதினேன். இந்தக் கார்டெல்லாம் செவ்வாய்க்கிழமை வேலூர்ல வாங்கினது. இந்தக் கம்பெனி ஆரம்பிச்ச நாள்லருந்து பழைய வாழ்த்து அட்டைய வெச்சு இங்க யாரும் ஒரு துரும்பும் செஞ்சதில்ல மேடம். இது சத்தியம். இனிமே நான் பொய் சொல்ல மாட்டேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. வேலை போனாலும் போகட்டும், வாழ்க்கையில் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டோம் என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"சார்" என்றார் கலீமுல்லா பாய். "நாலு நாளாச்சு. கட்டிங்ல திட்றாங்க. அட்டை வாங்கித் தர்றேன்னீங்களே."

"பாய், இப்ப வேணாம் பாய்..."

"கடைல கேக்கும்போது இதே கனத்துல கேளுங்க. பழைய மாதிரியெல்லாம் மூட்டைக்குப் போய்டும், இது ஒண்ணுதான் ஆணில மாட்டி இருந்துச்சு, தப்பிச்சிடுச்சு." நாக்கு வடிவத்தில் வெட்டிய ஒரு வெள்ளை அட்டையை நீட்டினார். மேலே பேனாவால் ஏதோ நம்பர் எழுதியிருந்தது.

பிரேம்நாத்தின் கை கூப்பியபடியே இருந்ததால் அதை ஹெலன் மேடம்தான் வாங்கினார். வாங்கியவர் விரலால் கனம் பார்த்தார். எதேச்சையாகத் திருப்பினார்.

பின்பக்கம் ஒரு மணி, கிறிஸ்துமஸ் படங்களில் வரும் முள் இலை இரண்டு, பாதி வெட்டுப்பட்ட ஆங்கில வாழ்த்து. அதற்குக் கீழே டைரக்டரின் பெயர். 2009. வளைவாக வெட்டிய ஓரத்தில், வால் மட்டும் போய், பச்சை மையில் ஒரு சின்ன மீன்.

ஹெலன் மேடம் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது... இது எப்படி?"

"ஜனவரி ஆனா ஆபீஸ்ல கார்டெல்லாம் தூக்கிப் போடுவாங்க மேடம். நல்ல அட்டையாச்சேன்னு எடுத்து வெச்சுக்குவேன்" என்றார் பாய். "இருபத்திரண்டு வருஷமா நாக்கு, பட்டி எல்லாம் இதுலதான் வெட்றேன். நம்பர் எழுதணுமே, அதான் படம் போட்ட பக்கத்த உள்ள திருப்பி மாட்டிடுவேன். யாரும் கேட்டதில்ல, நானும் சொல்லல."

இஷ்தியாக் அகமதுவின் விரல்கள் காகிதத்தின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டன. நாற்பத்தேழாவது கேள்விக்குப் பிரேம்நாத் எழுதியது முழுப் பொய்யில்லை! இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நடந்துகொண்டிருந்தது! அவன் கண் ஃபைலையும் பேனாவையும் மாறிமாறிப் பார்த்தது.

ஹெலன் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது அவர் முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. "பாய், இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கு? நான் எல்லாத்தையும் பார்க்கணும். எங்க வெச்சிருக்கீங்க?"

கலீமுல்லா பாய் பிரேம்நாத்தை ஒருமுறை பார்த்தார். இந்தத் தடவை அவர் பேச்சை யாரும் வெட்டவில்லை.

"மூணு மூட்டை இருந்துச்சு மேடம், இதே மீன் போட்ட மிச்சப் பத்து கார்டும் அதுலதான் இருந்துச்சு. நீங்க வர்றீங்க, குப்பை இருக்கக் கூடாதுன்னு திங்கக்கிழமை இந்த சார்தான் எல்லாத்தையும் பாய்லர்ல போடச் சொல்லி அனுப்பிட்டாரு."